குற்றச்சாட்டுக்கு உள்ளானவரின் உரிமைகள்: கேட்க வேண்டிய நேரமும் கேட்கும் முறையும்

கடுங்குற்றம் ஒன்றைச் சுமத்தி ஒருவர்மீது புகார் எழும்போது, அது மெய்யா பொய்யா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும் நாள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் அத்தீர்மானத்துக்கு அடிப்படையாகப் போகிற பேச்சுகளும் கையெழுத்துகளும் ஆவணங்களும் முதல் சில மணி நேரத்திலும் முதல் சில நாட்களிலுமே உருவாகிவிடுகின்றன. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இந்தியச் சட்டம் வழங்கியுள்ள காப்புகள் எண்ணிக்கையிலோ உறுதியிலோ குறைந்தவை அல்ல. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை தாமாக இயங்குவதில்லை. உரிய கட்டத்தில், உரிய அலுவலர் முன், இயன்றவரை எழுத்து வடிவில் கேட்கப்பட்டால்தான் அவை பயன் தருகின்றன. அக்கட்டம் கடந்துவிட்டால் சில உரிமைகள் வலுவிழக்கின்றன, சில அறவே அற்றுப்போகின்றன. குற்றம் செய்தவருக்கு உரிமை எதற்கு என்று கேட்பவர்கள், அவர் குற்றம் செய்தவர் என்பதை இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். இவ்வுரிமைகளை அறியாமல் பெரிதும் கெடுபவர், நிரபராதியாக இருந்து, தம் நிரபராதித்தன்மையே தம்மைக் காக்கும் என்று நம்பி, கேட்டவரிடமெல்லாம் கேட்டதையெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பவரே ஆவார்.

இக்காப்புகளின் ஊற்று அரசமைப்புச் சட்டத்தின் 20, 21, 22 ஆகிய மூன்று உறுப்புகளில் இருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்குமாறு குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 20-ஆம் உறுப்பின் 3-ஆம் கூறு. சட்டம் நிறுவிய நெறிமுறைப்படி அன்றி எவருடைய உயிரையோ உடல்சார் உரிமையையோ பறிக்கக் கூடாது என்கிறது 21. கைதுக்கான காரணத்தை அறிதல், விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசித்தல், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தப்படுதல் ஆகிய மூன்றையும் 22 உறுதி செய்கிறது. இந்த 22-ஆம் உறுப்பு அரசமைப்பு வரைவில் முதலில் இருக்கவில்லை; 21-ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அளவுக்கு மீறிய அதிகாரத்தைத் தந்துவிடும் என்று எழுந்த கடும் அதிருப்திக்கு ஈடாக, 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இதை அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்தார். அந்த அச்சம் வீணானதன்று என்பதை அடுத்த ஆண்டே சென்னை மாநில அரசுக்கு எதிராக ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கு காட்டியது. சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்ற பொருளில் 1950-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெறிமுறை என்பது நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் அறிவுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும் என்று மேனகா காந்தி வழக்கில் அதே நீதிமன்றம் கூற 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியமும் நடைமுறைக்கு வந்துள்ளன. பிரிவு எண்கள் மாறியிருந்தாலும் மேற்கூறிய அடித்தளம் மாறவில்லை. ஆதலால் பழைய தீர்ப்புகளின் பெரும்பகுதி இன்றும் செல்லும்.

வழக்கின் முதல் ஆவணம் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். பிடியாணை இன்றியே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தவுடன் காவல் நிலையம் பதிவு செய்ய வேண்டிய அறிக்கை அது. இது விசாரணையைத் தொடங்கிவைக்கும் தகவல் மட்டுமே. இதில் எழுதப்பட்டுள்ளதாலேயே எதுவும் மெய்ப்பிக்கப்பட்டதாகாது. தமிழ்நாட்டில் பல புகார்கள் முதலில் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீது என்ற அளவிலேயே நின்று, ‘விசாரணைக்கு வாருங்கள்’ என்ற தொலைபேசி அழைப்பாக எதிர்த்தரப்பை வந்தடைகின்றன. அழைக்கப்பட்டவர் முதலில் அறிய வேண்டியது, தம்மீது எஃப்.ஐ.ஆர். பதிவாகியுள்ளதா, ஆம் எனில் எந்தப் பிரிவுகளில், தாம் அழைக்கப்படுவது சாட்சியாகவா குற்றம் சாட்டப்பட்டவராகவா என்பதே ஆகும். 2016-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி, பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம் போன்ற சில வகைகள் நீங்கலாக மற்ற எஃப்.ஐ.ஆர்.கள் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்றப்பட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் நகல் மனு செய்தால் 2 வேலை நாட்களுக்குள் சான்றிட்ட படியைப் பெறலாம். புகாரின் சொற்கள் என்னவென்று பார்க்காமலேயே அதற்கு விளக்கம் சொல்லப் போவது, பின்னர் திருத்திக்கொள்ள இயலாத தவறாக முடிவதுண்டு.

கைது செய்யும் அதிகாரம் காவல்துறைக்கு இருப்பதாலேயே ஒவ்வொரு வழக்கிலும் கைது செய்தாக வேண்டும் என்பதில்லை. அதிகாரம் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தக் காரணம் இருப்பது வேறு என்று 1994-இல் ஜோகிந்தர் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்பதை அலுவலர் எழுத்தில் பதிய வேண்டும்; தேவையில்லை எனில் நேரில் வருமாறு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வலியுறுத்தப்பட்ட இந்நெறி இப்போது சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவில் அமைந்துள்ளது. அறிவிப்பைப் பெற்றவர் குறித்த நாளில் நேரில் சென்று, அவ்வாறு வந்ததற்கு ஒப்புதல் எழுதிப் பெற்றுக்கொண்டு, தொடர்ந்து ஒத்துழைத்து வந்தால், காரணத்தைப் பதிவு செய்யாமல் அவரைக் கைது செய்ய இயலாது. போகாமல் இருந்துவிட்டால் அந்தக் காப்பு அக்கணமே போய்விடுகிறது. இவ்வறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கைதாகக்கூடும் என்ற நியாயமான அச்சம் உள்ளவர் அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்பிணை, அதாவது முன்ஜாமீன், கோரலாம். எஃப்.ஐ.ஆர். பதிவாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை 1980-இல் குர்பக்ஷ் சிங் சிபியா வழக்கும், முன்பிணைக்குப் பொதுவாகக் கால வரம்பு இடத் தேவையில்லை என்பதை 2020-இல் சுசீலா அகர்வால் வழக்கும் நிலைநிறுத்தின. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் (யு.ஏ.பி.ஏ.) ஆகியவற்றிலும், 16 வயதுக்குட்பட்ட சிறுமியர் மீதான வன்புணர்ச்சி வழக்குகளிலும் இந்த வாயில் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கிறது.

இனி, மக்கள் மிகத் தவறாகப் புரிந்துகொண்டுள்ள உரிமையான மௌனத்துக்கு வரலாம். ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியை ஊழல் தடுப்புப் போலீசார் கட்டாக்கில் உள்ள காவல் நிலையத்துக்கு வரவழைத்து, எழுத்தில் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து விடை கோரியபோது, அவர் விடை தர மறுத்தார்; மறுத்ததே குற்றம் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1978-இல் அவ்வழக்கில் தீர்ப்பெழுதிய நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், 20-ஆம் உறுப்பின் காப்பு நீதிமன்றக் கூண்டில் ஏறிய பிறகு தொடங்குவதன்று, காவல் நிலைய விசாரணையின்போதே அது உயிர்பெற்றுவிடுகிறது என்றும், மனத்தளவிலான அழுத்தமும் சூழலின் மிரட்டலும்கூடக் கட்டாயப்படுத்தலே என்றும், வழக்கறிஞர் உடனிருக்க வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினால் அதை மறுக்கலாகாது என்றும் கூறியதோடு, பெண் ஒருவரை அவர் வீட்டில் விசாரிக்காமல் காவல் நிலையத்துக்கு வரவழைத்ததையும் கண்டித்தார். இன்றைய சன்ஹிதாவின் 180-ஆம் பிரிவும், தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விகளுக்கு விடையளிக்கும் கடப்பாட்டிலிருந்து ஒருவரை விலக்குகிறது. விசாரணை முழுவதும் இல்லாவிடினும் விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 38-ஆம் பிரிவு தருகிறது.

மௌனம் காப்பது ஒத்துழையாமை ஆகாதா என்று பலர் தயங்குகிறார்கள். இங்கே ஒரு கோட்டைத் தெளிவாக வரைய வேண்டும். பெயர், முகவரி, அடையாளம் ஆகியவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவை சாட்சியம் அல்ல, ஆதலால் அவற்றைத் தரும்படி கேட்பது 20-ஆம் உறுப்பை மீறாது என்று 1961-இலேயே 11 நீதியரசர்கள் கொண்ட அமர்வு காத்தி காலு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. மாறாக, உள்ளத்தில் உள்ளதை வெளிக்கொணரும் உண்மை கண்டறியும் சோதனை, மயக்க மருந்து கொடுத்துக் கேள்வி கேட்கும் நார்கோ சோதனை, மூளை அலைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவரது இசைவின்றி நடத்தக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே அமைதியாக, மரியாதையாக, ‘என் வழக்கறிஞரைக் கலந்த பிறகு விடை தருகிறேன்’ என்று ஒரே சொற்றொடரில் கூறி நிற்பது சட்டத்துக்கு முற்றிலும் உட்பட்ட நடத்தையாகும். பொய் சொல்வதற்கோ, தடயத்தை அழிப்பதற்கோ, கைப்பேசியில் உள்ளதை நீக்குவதற்கோ, புகார் கொடுத்தவரையும் சாட்சிகளையும் தேடிப் போய்ப் பேசுவதற்கோ எந்த உரிமையும் இல்லை. அவற்றுள் சில தனிக் குற்றங்களாவதோடு, பிணை மறுக்கப்படுவதற்கு அரசுத் தரப்பு தேடும் காரணத்தையும் குற்றம் சாட்டப்பட்டவரே கையில் கொடுத்ததாக முடியும்.

காவல்துறை அலுவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பயன்படுத்த இயலாது என்பது சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: காவலில் உள்ளவர் கொடுத்த தகவலால் ஆயுதமோ திருட்டுப் பொருளோ கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்புக்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். கடுங்குற்ற வழக்குகள் பலவற்றில் அரசுத் தரப்பின் முதுகெலும்பு இந்த விலக்கின் மீதே நிற்கிறது. ‘எதிரி அழைத்துச் சென்று அடையாளம் காட்டினார்’ என்று எழுதப்படும் மகஜர், அதாவது சாட்சிகள் முன் தயாரிக்கப்படும் கைப்பற்றுதல் பட்டியல், இதற்காகவே உருவாகிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு இப்போது விதிப்பதால், அப்பதிவு எங்கே என்று கேட்பது எதிர்வாதத்தின் முதற்கடமைகளுள் ஒன்றாகிவிட்டது. காவல்துறையினர் விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் அதைக் கொடுத்தவர் கையெழுத்திடக் கூடாது என்று 181-ஆம் பிரிவு கூறுகிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கைதுக் குறிப்பாணையில் கைதானவர் கையெழுத்திட வேண்டும்; இடுமுன் அதில் குறிக்கப்பட்டுள்ள நாளும் நேரமும் உண்மையானவையா என்று படித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் 24 மணி நேரக் கணக்கு அந்த நேரத்தை வைத்தே பேசப்படுகிறது.

நடுவரிடம் கொடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் முற்றிலும் வேறு தன்மையது. அது சாட்சியமாக ஏற்கப்படும். அதனால்தான், ஒப்புதல் தரும் கட்டாயம் ஏதுமில்லை, தந்தால் அது உமக்கு எதிராகப் பயன்படுத்தப்படும் என்று நடுவர் முதலில் விளக்க வேண்டும் என்றும், ஒப்புதல் தர விருப்பமில்லை என்று கூறியவரை மீண்டும் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது என்றும் 183-ஆம் பிரிவு விதிக்கிறது. இந்தக் கடைசிக் காப்பு பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், மறுத்தால் மீண்டும் அதே அறைக்குக் கொண்டுபோவார்கள் என்ற அச்சத்தில் தலையசைப்பவர்கள் குறைவார்கள். சிறப்புச் சட்டங்களில் நிலைமை சீராக இல்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழ் அதிகாரிகளிடம் தரப்படும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ள முடியாது என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் அமலாக்கத் துறையினர் காவல்துறை அலுவலர்கள் அல்லர் என்று 2022-இல் அதே நீதிமன்றம் கூறியிருப்பதால், அங்கே அழைப்பாணை பெறுபவர் முதல் சந்திப்புக்கு முன்பே தேர்ந்த வழக்கறிஞரைக் கலந்தே ஆக வேண்டும். ஒரே குடிமகன் எந்தத் துறையின் அறையில் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து அவரது மௌன உரிமை நீளவும் குறுகவும் செய்வது ஏற்கத்தக்கதன்று.

கைது நிகழும்போது காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் ஏட்டளவில் இருந்தது; பிரிவு எண்களை வாயால் சொல்லிவிடுவதே போதும் என்ற வழக்கம் நிலவியது. 2023-இல் பங்கஜ் பன்சல் வழக்கிலும் 2024-இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கிலும் எழுத்தில் தர வேண்டும் என்று சிறப்புச் சட்டங்களுக்குக் கூறிய உச்ச நீதிமன்றம், 2025 நவம்பரில் அதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்து, கைதானவருக்குப் புரியும் மொழியில், உடனே இயலாவிடில் நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரத்துக்கு முன்னராவது எழுத்தில் தர வேண்டும் என்று நெறிப்படுத்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த அரியானா வழக்கொன்றில், காரணம் முறையாகத் தெரிவிக்கப்படாத கைதே சட்டப்படி செல்லாது என்று கூறி, மருத்துவமனைக் கட்டிலோடு கைதானவரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததையும் அது வன்மையாகக் கண்டித்தது. உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் சொல்வது, மருத்துவப் பரிசோதனை செய்விப்பது, கைது செய்யும் அலுவலர் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிவது ஆகியவை 1996-இல் டி.கே. பாசு வழக்கு வகுத்து, பின்னர் சட்டமாகிவிட்ட கடமைகள். தவிர்க்க இயலாத நிலை தவிர, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்யலாகாது.

இந்த உரிமைகள் யாவும் வந்து சேரும் இடம் ரிமாண்ட். கைதானவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தி, மேலும் காவலில் வைக்க ஆணை பெறும் நடவடிக்கை அது. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது, விடுமுறை நாளானால் நடுவரின் இல்லத்தில்கூட நடக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். கைதானவரின் இருபுறமும் அவரை அழைத்துவந்த காவலர்கள் நிற்கிறார்கள். நடுவர், போலீசார் அடித்தார்களா, ஏதேனும் புகார் உண்டா என்று கேட்கிறார். மீண்டும் அதே வண்டியில் ஏற வேண்டியவர் ‘இல்லை’ என்கிறார். ‘துன்புறுத்தல் குறித்துப் புகார் ஏதுமில்லை’ என்று பதிவாகிறது. ஆறு மாதம் கழித்தோ ஆறு ஆண்டு கழித்தோ, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அடித்தார்கள் என்று அவர் சொல்லும்போது, அந்த ஒற்றை வரி அவருக்கு எதிராக வந்து நிற்கிறது. ஆகவே காயம் உண்டா, உண்மையில் எந்த நாள் எந்த நேரத்தில் பிடிக்கப்பட்டார், எதில் கையெழுத்து வாங்கப்பட்டது, காரணம் எழுத்தில் தரப்பட்டதா, குடும்பத்துக்குத் தகவல் போனதா என்பவற்றை இங்கே, வாய்மொழியாகவேனும், சொல்லிவிட வேண்டும். வழக்கறிஞர் உடனிருந்தால் மனுவாகவே கொடுத்துவிட வேண்டும். முதல் முறை நிறுத்தப்படும்போதே வழக்கறிஞர் உதவி பெறும் உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்லி, இல்லாதவருக்கு அமர்த்தித் தருவது நடுவரின் கடமை என்று 2012-இல் கசாப் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. நாடே வெறுத்த ஒருவரின் வழக்கில் அது கூறப்பட்டது என்பதே அந்த விதியின் வலிமை.

நடுவர் இந்தக் கடமையில் தவறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு விதியை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் கொடூரமாகத் தாக்கப்பட்ட பின்னரும், மருத்துவமனையையும் நடுவரையும் கடந்து கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். மருத்துவரின் பரிசோதனை, நடுவரின் நேர்முக விசாரணை என்று சட்டம் எழுப்பியிருந்த இரண்டு தடுப்புகளில் எதுவும் அவர்களைக் காக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்து விசாரித்ததும், பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை வசம் அது சென்றதும் இறப்புக்குப் பிறகு நடந்தவை.

காவலில் வைக்கப்பட்ட பின் எண்ணத் தொடங்க வேண்டியது நாட்களை. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாட்களுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாட்களுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை எனில், பிணை கொடுக்கத் தயாராக இருக்கும் கைதியை விடுவித்தாக வேண்டும் என்கிறது சன்ஹிதாவின் 187-ஆம் பிரிவு. கெடு தவறியதால் கிடைக்கும் பிணை என்ற இதில், குற்றத்தின் கடுமையோ சாட்சியத்தின் வலுவோ பார்க்கப்படுவதில்லை. ரிமாண்ட் செய்யப்பட்ட நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் இந்த உரிமையின் இயல்பு விசித்திரமானது: கெடு முடிந்த பின், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் என்ற இடைவெளியில் கேட்டவருக்கே அது கிடைக்கும், கேட்காமலிருந்து, மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அது அழிந்துவிடும். வாய்மொழியாகக் கேட்டாலும் போதும் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் கூறப்பட்டது.

இதில் தமிழ்நாட்டு வழக்குகள் இரண்டு நாடு முழுமைக்கும் சட்டத்தை வகுத்தன. கொரோனா காலத்தில் நீதிமன்றக் கால வரம்புகளைப் பொதுவாக நீட்டித்து உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை, குற்றப்பத்திரிகைக்கான கெடுவையும் நீட்டித்துவிட்டது என்று கூறி, மதுரை மாவட்ட வழக்கொன்றில் காசி என்பவருக்கு உயர் நீதிமன்றம் பிணை மறுத்தது. அதே உயர் நீதிமன்றத்தின் வேறொரு நீதியரசர் அதற்கு முன்பே நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்தார். 2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம், பெருந்தொற்றையும் காரணம் காட்டித் தனிமனித விடுதலையைச் சுருக்க முடியாது என்று கூறி அவரைப் பிணையில் விடுவித்தது. அதே ஆண்டு அக்டோபரில், சென்னையில் தொடங்கிய ரவீந்திரன் என்பவரின் போதைப்பொருள் வழக்கில், கைதி கெடு முடிந்த மறுநாளே மனுச் செய்திருக்க, அம்மனு நிலுவையில் இருக்கும்போதே அதிகாரிகள் கூடுதல் புகாரைத் தாக்கல் செய்து உரிமையை முறியடிக்க முயன்றதை ஏற்க மறுத்து, இது சட்டம் தரும் சலுகை என்ற அளவில் நிற்பதன்று, 21-ஆம் உறுப்பைச் சார்ந்த அடிப்படை உரிமை என்று அந்நீதிமன்றம் அறிவித்தது. இரண்டிலும் வென்றது, நாளை எண்ணிக்கொண்டிருந்து உரிய நாளில் மனு போட்ட வழக்கறிஞரின் விழிப்பு.

விசாரணை நீண்டு சிறையிலேயே காலம் கழியும் நிலைக்கு 479-ஆம் பிரிவு ஒரு வரம்பு கட்டுகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாக, உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்தவரும், முன்பு எக்குற்றத்திலும் தண்டனை பெறாதவரானால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரும் பிணையில் செல்ல உரியவர். இதற்கான மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இச்சலுகை இல்லை என்ற விலக்கு, ஒரே நிகழ்வுக்குப் பல வழக்குகள் போடும் வழக்கத்தை நோக்க, பெரிய ஓட்டையாகவே தெரிகிறது.

குற்றப்பத்திரிகை வந்த பின் நடப்பவை வழக்கறிஞரின் திறமைக்கு உரிய களம். அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் நினைவில் கொள்ள வேண்டியவை சிலவே. அரசுத் தரப்பு சார்ந்து நிற்கும் ஆவணங்கள் அனைத்தின் நகலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அவற்றைப் படித்த பின்னும் வழக்கு நிற்காது என்று தோன்றினால், விடுவிப்பு மனு, அதாவது விசாரணைக்கே அவசியமில்லை என்று கூறித் தம்மை விடுவிக்கக் கோரும் மனு, தாக்கல் செய்யலாம். அமர்வு வழக்குகளில் வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும் என்பது புதிய வரம்பு. சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி 351-ஆம் பிரிவின் கீழ் அவரையே நேரில் கேள்வி கேட்பார். அது சத்தியப் பிரமாணம் செய்து தரும் சாட்சியம் அன்று, அவ்விடத்தில் எழுத்து மூலமான விளக்கமும் தரலாம். எல்லாவற்றுக்கும் ‘பொய்’, ‘தெரியாது’ என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்லி அந்த வாய்ப்பை வீணடிப்பது நம் நீதிமன்றங்களில் அன்றாடம் நடக்கிறது. சாட்சிக் கூண்டில் தாமே ஏறிச் சாட்சியம் சொல்ல அவருக்கு உரிமை உண்டு; ஏறாததை அவருக்கு எதிராகப் பேச அரசுத் தரப்புக்கு உரிமை இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பையே சார்ந்தது என்பது பொது விதி. போக்சோ, போதைப்பொருள் தடுப்புச் சட்டம் போன்றவற்றில், அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவிய பின், பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறும்.

சம்பவ நேரத்தில் தாம் வேறிடத்தில் இருந்ததாகக் கூறுபவர் அதை முதல் வாரத்திலேயே ஆவணப்படுத்தத் தொடங்க வேண்டும். கடைகளிலும் விடுதிகளிலும் உள்ள கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ மேலெழுதப்பட்டு அழிந்துவிடுபவை. அவற்றைப் பாதுகாத்து வைக்குமாறு உரிமையாளருக்கு எழுத்தில் வேண்டுகோள் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொண்டு, புலனாய்வு அலுவலருக்கும் பதிவு அஞ்சலில் தெரிவித்துவிட வேண்டும். மின்னணுப் பதிவு எதுவும் சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் இன்றி ஏற்கப்படாது என்பதால், நகல் எடுக்கும்போதே அச்சான்றிதழையும் பெறுவது நலம்.

வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லை என்பது இந்நாட்டில் உரிமை இழப்புக்குக் காரணமாக இருக்கத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். காவலில் உள்ள எவருக்கும் அவ்வாறே. கணவரோ மகனோ சகோதரியோ கைது செய்யப்பட்டால், தெரிந்தவர்களின் சிபாரிசைத் தேடி அலைந்து முதல் 24 மணி நேரத்தைச் செலவழிக்காமல், நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ உடனே செல்லுங்கள். இரவானால், 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்து, கைதானவரின் பெயரையும் காவல் நிலையத்தின் பெயரையும் பிடித்துச் சென்ற நேரத்தையும் பதிவு செய்யுங்கள்.